உலக்கைக்குப் பிடித்த தோட்டா

"அந்த ரைபிள் என் கையில இருந்தா நானும் பத்து அடிப்பேனுங்க, கோச்."

இதைச் சொன்னபோது கோதையின் கண் டார்கெட்டில் இல்லை. பக்கத்து லேனில் இருந்தது.

அங்கே பிரதீபா தன் புது ஜெர்மன் ரைபிளை உறையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கினாள்.

கோச் நூர்நிஷா கோதையின் ரைபிளை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

அது துப்பாக்கி சுடும் கழகத்தின் பழைய ரைபிள். எத்தனையோ பேர் தோளில் கிடந்து, கட்டையின் பாலிஷ் போய், வெறும் மரமாக இருந்தது. எல்லோரும் அதை உலக்கை என்பார்கள்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருந்தது அந்தக் கழகம். தகரக் கூரை. அதன் கீழே வரிசையாகப் படுத்துச் சுடுவதற்கான பாய்கள், ஒரு பாய்க்கு ஒரு லேன். ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு மண்மேடு. அதன் முன்னால் காகித டார்கெட்டுகள். நடுவில் இருக்கும் பத்து என்ற வட்டம் சட்டைப் பொத்தான் அளவுதான்.

கோதையும் பிரதீபாவும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே ஸ்கூட்டரில் வந்தவர்கள். கோதை பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். பிரதீபாவின் கணவருக்குத் தென்னை நார் மில்.

ரைபிள் வந்த பிறகு பிரதீபா காரில் வருகிறாள். ரைபிள் உறை ஸ்கூட்டரில் ஏறாது. காரணம் நியாயமானதுதான். அதுதான் கோதைக்கு இன்னும் எரிந்தது.

மாவட்ட அணியில் ஒரு இடம் காலியாக இருந்தது. தேர்வுப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு மாத்து ரைபிள் கிடையாதுங்களா?" என்றாள் கோதை.

"கிடையாதுங்க்கா."

கோச் கோதையைவிட வயதில் சின்னவர். அதனால் அக்கா என்பார். பாடம் நடத்தும்போதும் அக்காதான்.

"அப்ப நான் என்னதான் பண்றது?"

கோச் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கை நிறையத் தோட்டாப் பெட்டிகள். எல்லாம் மிச்சம் மீதி. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கம்பெனி.

"இதுல உலக்கைக்கு எது பிடிக்கும்?"

"துப்பாக்கிக்குப் பிடிக்கிறது பிடிக்காததுன்னு இருக்குதுங்களா?"

"கேட்டுப் பாருங்க."

*

கோதை மணல் மூட்டை மேல் உலக்கையை வைத்துக் கேட்டாள்.

ஒரு பெட்டிக்கு ஒரு காகிதம். ஒரே இடத்தைப் பார்த்துச் சுட வேண்டும். ஓட்டைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று பார்க்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

முதலில் தங்க எழுத்துப் போட்ட பெட்டி. பிரதீபா சுடுவது அதுதான். கோதை ஆசையாகச் சுட்டாள்.

ஓட்டைகள் தட்டில் உருண்ட கடலை மாதிரி சிதறிக் கிடந்தன.

கடைசியில் ஒரு பழுப்பு அட்டைப் பெட்டி. மேலே பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. அதைச் சுட்டபோது ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. ஒரு பொத்தானை வைத்து எல்லாவற்றையும் மூடிவிடலாம்.

கோதைக்குச் சந்தோஷம் வரவில்லை.

"இருக்கறதுலயே மட்டமான தோட்டாவா எனக்கு வாய்க்கணும்?"

"அது மட்டமானதுன்னு உலக்கைக்குத் தெரியாதுக்கா," என்றார் கோச்.

*

அடுத்து கோச், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உலக்கையின் போல்ட்டைக் கழற்றி, குழலுக்குள் ஒரு கண்ணால் பார்த்தார். நீண்ட கம்பியையும் துணித் துண்டுகளையும் எடுத்துக் கொடுத்தார்.

கோதை துடைத்தாள். தோட்டா உட்காரும் இடத்தில் கரி பாறையாக இறுகி இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குத்தித் தேய்த்தாள்.

அப்போது பிரதீபா வந்தாள்.

"ஏன்டி இப்படிக் கஷ்டப்படறே? இன்னைக்கு என்னோடதுல சுடு. நான் சும்மாதான் உட்கார்ந்திருக்கேன்."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அது கோதைக்கும் தெரியும்.

"வேண்டாம்."

"ஒரு தடவை சுட்டுப் பாரேன். வெண்ணெய் மாதிரி இருக்குது ட்ரிகர்."

"வேண்டாம்னு சொல்றேன்ல?"

பிரதீபா போய்விட்டாள். கோதையின் கை இன்னும் வேகமாகப் போயிற்று. கம்பி குழலில் இடித்தது.

கோச் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"யார் மேலக்கா கோபம்?"

கோதை கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"இது குழல்," என்றார் கோச். "அவ்வளவுதான்."

*

கட்டையின் அடியில் இரண்டு ஸ்க்ரூக்கள். இரும்பையும் மரத்தையும் சேர்த்துப் பிடிப்பது அவைதான். கோச் விரலால் தொட்டுக் காட்டினார். முன்னால் இருந்தது ஆடியது.

"இத்தனை நாளா இப்படியா சுட்டேன்!"

கோதை ஆலன் கீயை வாங்கினாள். உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினாள். சுட்டாள். முன்பைவிட மோசமாகப் போயிற்று.

"நல்லாத்தானே முறுக்கினேன்?"

"ரொம்ப நல்லா முறுக்கிட்டீங்க. அதுக்கு மூச்சு முட்டுது."

கோதை கொஞ்சம் தளர்த்தினாள். சுட்டாள். இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். சுட்டாள். ஒரு இடத்தில் ஓட்டைகள் திடீரென்று கூடி வந்தன. அந்த இடத்தில் நகப்பாலிஷால் ஒரு கோடு போட்டாள்.

கன்னம் வைக்கும் இடம் அவளுக்குத் தாழ்வாக இருந்தது. தேய்ந்த ரப்பர் செருப்பை அறுத்து ஒட்டி, மேலே பேண்டேஜ் துணி சுற்றினாள். இதைக் கோச் சொல்லித் தரவில்லை. அவளாகவே செய்தாள்.

இப்போதெல்லாம் அவள் சீக்கிரம் வந்துவிடுவாள். சுடுவதற்கு முன் உலக்கையைத் தட்டிப் பார்ப்பாள், குலுக்கிப் பார்ப்பாள், காதில் வைத்துக்கூடக் கேட்பாள். மழை பெய்த மறுநாள் மரம் ஊறிக் கொஞ்சம் உப்பும் என்று அவளுக்குத் தெரிந்தது. போல்ட்டை மூடும் சத்தத்திலேயே தோட்டா சரியாக உட்கார்ந்ததா என்று தெரிந்தது.

தனியாகச் சுடும்போது பத்து பத்தாக விழுந்தது.

பக்கத்தில் பிரதீபா படுத்தால் எட்டு.

*

"உங்க கடைசிக் குண்டு எங்கே போச்சுங்க்கா?" என்று ஒரு நாள் கேட்டார் கோச்.

கோதை யோசித்தாள். "இடப்பக்கமா போயிருக்கும்."

"பிரதீபாவோடது?"

"ஒன்பது. வலப்பக்கம், கொஞ்சம் கீழே. அதுக்கு முந்தினது பத்து. நடுவுல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று கோதைக்கு உறைத்தது.

கோச் மருந்துப் பெட்டியின் அட்டையைக் கிழித்தார். கோதையின் தொப்பியில் பிரதீபாவின் பக்கமாகக் கிளிப் போட்டு மாட்டிவிட்டார். குதிரைக்குக் கண்பட்டை கட்டிய மாதிரி இருந்தது.

"இப்ப தெரியுதுங்களா?"

"தெரியலைங்க."

"சுடுங்க."

கோதை சுட்டாள். எட்டு.

"என்னாச்சு?"

"சத்தம் கேக்குதுங்க. அவ ரைபிள் சத்தம் தனியாத் தெரியுது. சுட்டுட்டு அவ மூச்சு விடறதுலயே எவ்வளவு விழுந்துச்சுன்னு கண்டுபிடிச்சிடறேன்."

கோச் காதடைப்பானை எடுத்தார். கோதையின் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அதைத் திரும்ப வைத்துவிட்டார்.

"வீட்டுக்குப் போயும் கேக்குதுங்களா?"

கோதை தலைகுனிந்தாள்.

"அப்ப இதை எதுக்குத் தண்டமா மாட்டிக்கிட்டு," என்று அட்டையைக் கழற்றினார் கோச்.

*

அதன் பிறகு கோச் ஒரு பயிற்சி முகாமுக்காக வெளியூர் போனார். தேர்வுப் போட்டி அன்றுதான் திரும்புவார்.

அவர் போன மறுநாள், பிரதீபாவின் ரைபிள் சத்தத்தில் கோதைக்கு என்னவோ வேறுபாடு தெரிந்தது. காதில் கேட்டதா, மனதில் பட்டதா, சொல்ல முடியவில்லை. கடைசியில் லேசாக ஒரு நடுக்கம்.

தொலைநோக்கியைத் திருப்பிப் பிரதீபாவின் டார்கெட்டைப் பார்த்தாள். ஓட்டைகள் மேலும் கீழுமாக நின்றன. ஒன்று உச்சியில். அடுத்தது அடியில்.

பிரதீபா தன் ஜாக்கெட்டைச் சரிசெய்தாள். முழங்கையை மாற்றி வைத்தாள். திரும்பவும் மேலே ஒன்று, கீழே ஒன்று.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சுடி," என்றாள். "மூச்சு நிக்க மாட்டேங்குது."

"ரெஸ்ட் எடு," என்றாள் கோதை.

காரணம் மூச்சு இல்லை. முன் ஸ்க்ரூ. கட்டைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கால்வாசித் திருப்பு தளர்ந்திருக்கிறது. கோதைக்கு அது கை வைத்துப் பார்த்தது போலத் தெரிந்தது.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று வீட்டில் தோசை ருசியாக இருந்தது. எதற்கென்று தெரியாமல் பாட்டு முணுமுணுத்தாள்.

மறுநாள் பிரதீபா தோட்டாவை மாற்றினாள். அதற்கு மறுநாள் கண்ணாடியை மாற்றினாள். ரைபிளை மட்டும் சந்தேகப்படவில்லை. அத்தனை நல்ல ரைபிளை யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரு நாள் சுட்டு முடித்து எழுந்திருக்காமல் அப்படியே பாயில் முகம் புதைத்துக் கிடந்தாள்.

"இத்தனை செலவு பண்ணி வாங்கிக் குடுத்தாரு," என்றாள், முகத்தை எடுக்காமல். "வீட்டுக்குப் போனா இன்னைக்கு எவ்வளவுன்னு கேப்பாரு. தினமும் கேக்கறாரு."

கோதையின் பையில் ஆலன் கீ இருந்தது. பைமேல் கை வைத்தாள். எடுக்கவில்லை.

அன்று தோசை ருசிக்கவில்லை. ஆனாலும் அவள் சொல்லவில்லை.

*

தேர்வுப் போட்டி. கோச் காலையில் வந்து சேர்ந்தார். பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

கோதையும் பிரதீபாவும் பக்கத்துப் பக்கத்து லேன். மற்றவர்கள் பெயருக்குத்தான் வந்திருந்தார்கள். இடம் இந்த இருவரில் ஒருவருக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

முதலில் கொஞ்ச நேரம் சும்மா சுட்டுப் பார்க்கலாம். அது கணக்கில் வராது.

கோதை பழுப்புப் பெட்டியைத் திறந்தாள். கன்னத்தை உலக்கையில் சாய்த்தாள். சுட்டாள். பத்து. இன்னொன்று. பத்து. உலக்கை அவள் தோளில் மாடு படுத்த மாதிரி அசையாமல் கிடந்தது.

பக்கத்தில் பிரதீபா சுட்டாள்.

அந்த நடுக்கம். முன்பைவிட அதிகமாக.

கோதை மூன்றாவது தோட்டாவைப் போட்டாள். கண்ணைக் குறி பார்க்கும் துவாரத்தில் வைத்தாள். மூச்சை நிறுத்தினாள்.

பக்கத்தில் மறுபடி சத்தம். இப்போது ஸ்க்ரூ தளர்ந்திருப்பது மட்டும் இல்லை, இரும்பு மரத்தில் தடுமாறுவதே அவளுக்குக் கேட்டது. அந்தக் குழல் எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்தது. எவ்வளவு சுத்தமான விசை. தோட்டாவை நேராக அனுப்பத்தான் அது பிறந்தது. அதை நிற்க விடாமல் ஒரு ஸ்க்ரூ ஆட்டுகிறது.

கோதை விசையிலிருந்து விரலை எடுத்தாள்.

வேண்டாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். மறுபடி விரலை வைத்தாள்.

மறுபடி அந்தச் சத்தம்.

கோதை போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தாள். கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள். பக்கத்து ரைபிளில் ஒரு ஸ்க்ரூ முடுக்க வேண்டும் என்றாள். அவர் தலையசைத்தார்.

அவள் எழுந்து பக்கத்துப் பாய்க்குப் போனாள்.

"காலி பண்ணிட்டுத் தள்ளு."

"என்னடி?" பிரதீபாவின் கண்கள் சிவந்திருந்தன.

"போல்ட்டைத் திற. தோட்டாவை எடு. தள்ளுடி."

நடுவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். கோதை ஜெர்மன் ரைபிளை முதல் தடவையாகத் தொட்டாள். மல்லாத்திப் போட்டாள். முன் ஸ்க்ரூவில் ஆலன் கீயை வைத்தாள். முறுக்கவில்லை, கேட்டுக் கேட்டுத் திருப்பினாள். ஒரு இடத்தில் நிறுத்தினாள். பின் ஸ்க்ரூவையும் பார்த்தாள். அது சரியாக இருந்தது.

"இதான். லூசாயிருந்துச்சு."

"எப்ப இருந்து?"

கோதை பொய் சொல்லியிருக்கலாம்.

"கோச் ஊருக்குப் போன மறுநாள்ல இருந்து."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

பிரதீபா அவளைப் பார்த்தாள். கோதை திரும்பி நடந்து தன் பாயில் படுத்தாள்.

*

பிரதீபா ஜெயித்தாள்.

பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு ஒன்பது பத்தாகியிருந்தால் முடிவு மாறியிருக்கும். கோதை அன்று சுட்டது அவள் வாழ்நாளிலேயே அதிகம்.

எல்லோரும் பிரதீபாவைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோதையிடம் வந்தாள்.

"நான் அழுதப்பவும் உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"பைல கீ இருந்துச்சா?"

"இருந்துச்சு."

பிரதீபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நன்றியா திட்டா என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. காரில் ஏறிப் போய்விட்டாள்.

ஒவ்வொருவராகப் போனார்கள். தகரக் கூரையின் கீழே கோதையும் கோச்சும் மட்டும் இருந்தார்கள். கோதை உலக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, இன்னைக்கு நான்தானுங்க அணியில."

"ஆமாங்க்கா," என்றார் கோச்.

கோதை காத்திருந்தாள். ஆறுதலாக ஏதாவது வரும் என்று நினைத்தாள். வரவில்லை.

"ஆமான்னா? அவ்வளவுதானுங்களா?"

"நீங்கதான் போயிருப்பீங்க. வேற என்ன சொல்றது?"

மண்மேட்டின் மேல் மைனாக்கள் வந்து உட்கார்ந்தன.

"அப்புறம் ஏன்க்கா எழுந்தீங்க?" என்று கேட்டார் கோச்.

"அவளுக்காக இல்லைங்க."

"சரி."

"நான் நல்லவன்னு நெனச்சுக்காதீங்க. இப்பவும் அவளை நெனச்சா வயிறு எரியுது. அந்தக் காரு போற சத்தம் கேட்டாலே எரியுது."

"சரிங்க்கா."

"அத்தனை நாளும் சும்மாதான் இருந்தேன். சாகற வரைக்கும் சும்மா இருந்திருப்பேன். ஆனா..."

கோதை சொல் தேடினாள்.

"நல்ல ரைபிளுங்க அது. எங்க போகணும்னு அதுக்குத் தெரியுது. போக முடியாமத் தவிக்குது. பக்கத்துல படுத்துக்கிட்டு அதைக் கேட்டுட்டு இருக்க முடியலைங்க. அது யாரோடதுன்னு அந்த நேரத்துல மறந்தே போச்சு."

கோச் எழுந்து உள்ளே போனார். இரும்பு அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. எதையோ நகர்த்தும் சத்தம்.

ஒரு நீளமான கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அப்படி ஒரு பெட்டி அங்கே இருப்பது கோதைக்குத் தெரியாது. மேலே தூசி படிந்திருந்தது. கோச் முந்தானையால் துடைத்து, கோதையின் முன்னால் வைத்துத் திறந்தார்.

உள்ளே ஒரு ரைபிள்.

"என்னோடது," என்றார் கோச். "கடைசியா நான் சுட்ட மேட்ச்சுல இடப்பக்கமா இழுத்துச்சு. நானும் என்னென்னமோ பண்ணிப் பார்த்துட்டேன். ஏன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

அவர் கோதைக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க பாருங்க்கா."